கையைச் சாய்த்து ரோபோ ஓட்டுவது எப்படி?

சென்சார் வைத்த கையுறையைப் போட்டுக் கையைச் சாய்த்தால், அந்தச் சாய்வு ரேடியோ வழியாகப் போய் ரோபோவை ஓட்டும். ஜாய்ஸ்டிக்கை விட்டால் தானாக நடுவுக்கு வந்துவிடும், கை வராது. அதனால் இதில் ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் பெரும்பாடு. ரோபோ போட்டிக்காகச் செய்கிறீர்கள் என்றால், முதலில் போட்டி விதிகளைப் படியுங்கள். சில போட்டிகளில் குறிப்பிட்ட கண்ட்ரோலர்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு.

தேவையானவை: ஆர்டுயினோ நானோ (புரோகிராம் எழுதி இயக்கும் சிறு போர்டு) 2, எம்பியு6050 சாய்வு சென்சார் 1, என்ஆர்எஃப்24எல்01 ரேடியோ 2, 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 2, எல்298என் மோட்டார் டிரைவர் 1, கியர் மோட்டார் 2, புஷ் பட்டன் 1, கையுறைக்கும் ரோபோவுக்கும் தனித்தனி பேட்டரி.

1. சென்சாரைப் புறங்கையில் ஆடாமல் பொருத்துங்கள். சென்சாரின் எஸ்டிஏ பின் நானோவின் ஏ4-க்கு, எஸ்சிஎல் பின் ஏ5-க்கு. எல்லா ரீடிங்கும் 0 என்றால் சென்சார் தூக்கத்தில் இருக்கிறது. சென்சாரின் 107-ஆம் ரெஜிஸ்டரில் (உள்ளே இருக்கும் நினைவிடம்) 0 எழுதினால் விழித்துக்கொள்ளும்.

2. ரேடியோவுக்கு 3.3 வோல்ட் மட்டுமே. 5 வோல்ட் கொடுத்தால் போய்விடும். கெப்பாசிட்டரை ரேடியோவின் பவர் கால்களிலேயே வையுங்கள். பக்கத்தில் வேலை செய்து, இரண்டடி தள்ளினால் சிக்னல் அறுந்தால் பெரும்பாலும் காரணம் இந்தக் கெப்பாசிட்டர் இல்லாததுதான்.

3. எல்298என் சுமார் 2 வோல்ட்டை விழுங்கும். 6 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்கு 4 தான் கிடைக்கும். டிரைவர் கிரவுண்டும் ரோபோவில் உள்ள நானோ கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும்.

4. சென்சாருக்குள் முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரும், சுழலும் வேகத்தை அளக்கும் கைரோவும் இருக்கின்றன. ஆக்சிலரோமீட்டரை மட்டும் நம்பினால் கை உதறுவதையும் சாய்வு என்று எடுத்துக்கொள்ளும். கைரோ மட்டும் என்றால் கோணம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போகும். இரண்டையும் கலக்க வேண்டும். 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை:

கோணம் = 0.98 × (பழைய கோணம் + கைரோ வேகம் × நேரம்) + 0.02 × ஆக்சிலரோமீட்டர் கோணம்

நேரத்தை மில்லி செகண்டில் போட்டுவிடாதீர்கள், 0.01 செகண்ட்.

5. கட்டைவிரலுக்குக் கீழே பட்டன். அழுத்திய நொடியில் கை இருக்கும் நிலையே 0 டிகிரி. விட்டால் ரோபோ நிற்க வேண்டும். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு மாதிரி ஓய்வெடுக்கும் என்பதால், நிலையான பூஜ்யம் ஒத்துவராது.

6. 10 டிகிரிக்குள் அசைவைக் கண்டுகொள்ளாதீர்கள். 40 டிகிரியில் முழு வேகம். முன்னால் சாய்ப்பதற்கான வேகம் ‘முன்’, பக்கவாட்டில் சாய்ப்பதற்கானது ‘பக்கம்’ என்றால், இடது சக்கரம் = முன் + பக்கம், வலது = முன் − பக்கம். வேக எண்ணின் உச்சம் 255, விடையை அதற்குள் அடக்குங்கள். இல்லாவிட்டால் நானோவின் 5, 6-ஆம் பின்களில் 300 என்பது 44 ஆகிவிடும், முழு வேகத்தில் திரும்பும்போது ரோபோ வேகம் இழந்துவிடும். மோட்டார் முனகிக்கொண்டு நகராமல் இருந்தால், குறைந்தபட்ச வேகத்தை 70-லிருந்து தொடங்குங்கள். ஒரு சக்கரம் தலைகீழாகச் சுற்றினால் அந்த மோட்டாரின் இரண்டு வயர்களையும் மாற்றிப் போடுங்கள்.

7. 300 மில்லி செகண்ட் சிக்னல் வராவிட்டால் ரோபோ தானே நிற்கும்படி ரிசீவர் கோடில் எழுதுங்கள். சக்கரங்களைத் தூக்கி வைத்து, ஓடும்போதே கையுறை பேட்டரியைப் பிடுங்குங்கள். நிற்காவிட்டால் ரோபோவைத் தரையில் இறக்காதீர்கள்.