தொடக்கப்பள்ளியில் கூடுதல் வகுப்பு எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

“அரும்பு எல்லாம் எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க” என்று பிள்ளைகளைக் கூப்பிடும் வகுப்புகள் இன்னும் இருக்கின்றன. முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். தமிழக அரசுப் பள்ளிகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை வந்து, பிறகு 4, 5க்கும் விரிந்தபோது, தொடக்க நிலையை அரும்பு, அதற்கு மேலே மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது எந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிவதற்காக. அதையே பிள்ளையின் பெயராக்கிவிட்டால் ரெண்டே வாரத்தில் மற்ற பிள்ளைகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடும். தமிழில் மலரில் இருக்கும் பிள்ளை கணக்கில் அரும்பில் இருக்கலாம், அதனால் பாடத்துக்குப் பாடம் தனித்தனியாகப் பாருங்கள். ஜூனில் பிரித்த குழு ஏப்ரல் வரை அப்படியே இருந்தால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம்.

அடுத்தது, பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று பார்க்காமலே பயிற்சியைக் கூட்டுவது. 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் நிறைய பிள்ளைகள் 26 என்று எழுதும். கவனக்குறைவு என்று நினைத்து இன்னும் பத்துக் கணக்கு கொடுப்போம், பத்தும் அதே மாதிரி தப்பாக வரும். ஏனென்றால் 2-இல் 8 போகாது என்பதால் 8-இலிருந்து 2-ஐக் கழித்து 6 என்று போட்டுவிட்டு, 5-இலிருந்து 3 போனால் 2 என்று அந்தப் பிள்ளை தனக்கென ஒரு வழி வைத்திருக்கிறது, அந்த வழியை மாற்றாமல் விடை மாறாது. “எப்படிப் போட்டே, சொல்லு” என்று கேளுங்கள். அப்புறம் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் ரெண்டு தனிக் குச்சியும் கையில் கொடுத்து, 38 குச்சி எடுத்துத்தரச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரிக்காமல் எட்டுக் குச்சி தர முடியாது என்று அதன் கைக்கே தெரிந்துவிடும். மீதி 14-ஐ அதுவே எண்ணிச் சொல்லும். வாசிப்பிலும் இப்படித்தான். ‘கொ’வையும் ‘கோ’வையும் மாற்றிப் படிக்கிற பிள்ளைக்கு ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும்தான் சிக்கல், அதைப் போய் அ, ஆவிலிருந்து திரும்ப எழுத வைக்காதீர்கள்.

விளையாட்டு நேரத்தையும் ஓவிய நேரத்தையும் எடுத்துக் கூடுதல் வகுப்பு வைப்பது எனக்கு ரொம்ப வருத்தம் தரும் விஷயம். படிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்குப் பள்ளியில் தலைநிமிர்ந்து நிற்க ஓர் இடம் இருக்கிறதென்றால் பெரும்பாலும் அது மைதானம்தான். அதையும் பிடுங்கினால் அடுத்த நாள் அது பள்ளிக்கே வர யோசிக்கும். கணக்குக்குக் கணக்குப் பாடவேளையிலேயே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கதை சொல்லுதல், நாடகம், நூலகம், கலைத் திருவிழா என்று வந்தாலும் அதே நாலைந்து பேர்தான் மேடையேறுகிறார்கள். நன்றாகப் படிக்கிறவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று யார் சொன்னது? எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை கதையை அழகாக நடித்துக் காட்டும், கூடவே வசனத்தைப் படித்துப் பார்க்க அதற்கு ஒரு காரணமும் கிடைக்கும். வேகமாக முடித்துவிடும் பிள்ளைகளைத் தினமும் மற்றவர்களுக்குச் சொல்லித்தர உட்கார வைப்பதும் சரியில்லை. ‘விடை 14 வருகிற மாதிரி உன்னால் எத்தனை கணக்கு உருவாக்க முடியும்’ என்று கேட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மாலையில் இல்லம் தேடிக் கல்வி மாதிரியான மையம் நடத்தும் தன்னார்வலர் அதை வீட்டுப்பாடம் முடிக்கும் இடமாக்கக் கூடாது. பள்ளி ஆசிரியரும் அவரும் வாரம் ஒருமுறையாவது பேசிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காலையில் ஒரு வழி, மாலையில் வேறொரு வழி என்று பிள்ளைதான் குழம்பும்.

பெற்றோரை வரவழைத்து “ஒண்ணுமே வரலைம்மா” என்று சொல்லி அனுப்பாதீர்கள். கூலி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்களிடம், என்ன வருகிறது, என்ன வரவில்லை, வீட்டில் என்ன செய்யலாம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவால்கூட “இன்னைக்குப் படிச்ச கதையைச் சொல்லு” என்று கேட்க முடியும். கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதும் பிள்ளையாக இருந்தால், குழு பிரிப்பதற்கு முன்னாடியே கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லிவிடுங்கள். கண்ணாடி போட்டதும் சரியாகிவிடும் சிக்கலுக்கு ஒரு வருஷம் கூடுதல் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை.