பழைய மாளிகையில் விழாவா? ஆணியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

புதுச்சேரியில் புதுப்பித்த பழைய மாளிகைகளில் கண்காட்சி, கச்சேரி, நிச்சயதார்த்தம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. நல்லதுதான், பூட்டிக் கிடக்கும் வீடு சீக்கிரம் பாழாகும். ஆனால் கல்யாண மண்டபத்துக்கு வருவதுபோலவே இங்கேயும் வந்து இறங்குகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

பேனர் மாட்ட ஆணி அடிப்பது முதல் தவறு. இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியவை. சுத்தியல் அதிர்ச்சியில் ஆணியைச் சுற்றியுள்ள பூச்சும் செங்கல்லை விட்டுக் கழன்றுகொள்ளும், பிறகு ஒரு நாள் பாளம் பாளமாக விழும். விழா முடிந்ததும் அந்த ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைப்பது அதைவிட மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். சிமென்ட் விடாது. கடலோர ஊரில் தரையிலிருந்து ஏறும் ஓதம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் உப்புப் பூத்துப் பொரிந்துவிடும். பேனருக்குத் தரையில் நிற்கும் ஸ்டாண்ட் போதும். ஓட்டை விழுந்தே போயிற்றா, சரி, சுண்ணாம்புக் கலவையாலேயே பூசச் சொல்லுங்கள்.

அடுத்தது மாடி. பல வீடுகளில் மெட்ராஸ் டெரஸ்தான். மர உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்டு இடித்த தளம். வடகம் காயப்போடவும் நிலா பார்க்கவும் அது தாராளம். இருநூறு பேர் டி.ஜே. பாட்டுக்கு ஒரே தாளத்தில் குதித்தால்? சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனையில்தான் ஈரம் தங்கும், கரையானும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே எத்தனை பேர் ஏறலாம் என்பதை நிர்வாகியிடம் எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் தாங்கும் சார்" என்றால் கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தைக் காட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே வடிவில் மறுபடி கட்டி 2021இல் திறந்தது.

மழை என்றதும் தேதி ஞாபகம் வருகிறது. முற்றத்தில் விருந்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்ப்பது நல்லது. தார்ப்பாய் கட்டிச் சமாளிக்கலாம் என்று கயிற்றை மரத்தூணில் சுற்றி இழுப்பார்கள். காற்றடித்தால் இழுபடுவது தூண்தான். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒலி. உயரமான கூரை, வெற்றுச் சுவர், கல் தரை என்றால் எதிரொலிக்கும். ஸ்பீக்கரைப் பெரிதாக்கினால் பாட்டு இரைச்சலாகத்தான் கேட்கும். கீழே பாய், ஓரங்களில் திரைச்சீலை, இரண்டு சின்ன ஸ்பீக்கர் போதும். வீணைக் கச்சேரிக்கு அதுகூட அதிகம்.

வீதி குறுகல் என்பதால் கார்களைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லிவிடுவீர்கள். வாசலில் திண்ணைப் படி இருக்கும், பெரும்பாலும் கைப்பிடி இருக்காது. பெரியவர்களுக்குக் கை கொடுக்க இரண்டு பையன்களை அங்கே நிறுத்திவையுங்கள்.