போட்டோவை வடிவத்துக்குள் அடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக இதய வடிவத் தலையணை கேட்டு ஒரு தம்பி கடைக்கு வந்திருந்தார். அவர் கொடுத்த படத்தில் அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், அவர் பின்னால் நடுவில் நின்றிருந்தார். அவசரத்தில் மாஸ்க் போட்டு, அதாவது படம் இதயத்துக்குள் மட்டும் தெரியும்படி மற்றதை மறைத்து, அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பார்த்தவர், "நல்லாத்தான் இருக்கு, என் தலை மட்டும் வெட்டுப்பட்டிருக்கேண்ணே" என்றார். மறுபடியும் அடித்துக் கொடுத்தேன், ஆனால் அதற்குள் விழா முடிந்துவிட்டது.

இதயத்தின் மேல்பக்கம் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு அந்தப் பள்ளத்தை மறந்துவிடுவதுதான். இரண்டு பேர் இருக்கும் படத்துக்கு இதயம் அழகாகப் பொருந்தும். இரண்டு தலையும் இரண்டு மேட்டுக்குள் போய்விடும், பள்ளம் நடுவில் உள்ள இடைவெளியில் விழும். மூன்று பேர் என்றால் நடுவில் இருப்பவர் யார் என்று பாருங்கள். மடியில் உட்கார்ந்த குழந்தை என்றால் தலை தாழ்வாக இருக்கும், கவலையில்லை. நடுவில் நிற்பவர் உயரமானவர் என்றால் அந்தப் படத்துக்கு இதயம் வேண்டாம். வட்டமோ மூலை மழுங்கிய சதுரமோ போடலாம் என்று வாடிக்கையாளரிடமே சொல்லிவிடுங்கள். ஒரே முகம் என்றால் தலைமுடியின் உச்சி பள்ளத்துக்குக் கீழே வர வேண்டும், கண்கள் இதயம் அகலமாக இருக்கும் மட்டத்தில் நிற்க வேண்டும். முழு உருவப் படத்தை இதயத்துக்குள் போட்டால் கால்கள் கீழ்முனைக்குள் நெருக்கிக்கொண்டு போகும், முகம் பொட்டு அளவுக்குச் சிறுத்துவிடும்.

வட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சதுரப் படத்தை அதே அகலமுள்ள வட்டத்துக்குள் போட்டால் பரப்பில் 21 சதவீதத்துக்கு மேல் போய்விடும். போவதெல்லாம் நான்கு மூலைகள்தான். குடும்பப் படத்தில் ஓரமாக நிற்கும் சித்தியும் மாமாவும் அந்த மூலைகளில்தான் இருப்பார்கள். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் பவர்கிளிப் செய்யும்போது, அதாவது படத்தை ஒரு வடிவத்துக்குள் அடைக்கும்போது, படம் பெரும்பாலும் வடிவத்தின் நடுவில் வந்து உட்காரும். அது படத்தின் நடு, முகத்தின் நடு அல்ல. அப்படியே விட்டுவிடாமல் உள்ளே போய் நகர்த்துங்கள்.

சரி, படம் வடிவத்துக்குப் போதவில்லை, ஓரத்தில் வெள்ளை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது படத்தை ஒரு பக்கமாக இழுத்து நிரப்பத் தோன்றும். முகம் ஐந்து சதவீதம் அகலமானாலும் வீட்டு ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். என்ன மாற்றம் என்று சொல்லத் தெரியாது, "இது அவர் மாதிரி இல்லையே" என்பார்கள். இதில் பழைய ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போட்டோஷாப் 7.0, சிஎஸ்6 பழகிய கை, அளவு மாற்றும்போது தானாக ஷிப்ட்டை அழுத்தும். 2018 அக்டோபரில் வந்த சிசி 2019இலிருந்து அது தலைகீழாகிவிட்டது: சும்மா இழுத்தாலே விகிதம் மாறாது, ஷிப்ட்டை அழுத்தினால்தான் படம் கோணலாகும். ஓரத்தை நிரப்ப வேண்டுமென்றால் பின்னணியை மட்டும் நீட்டுங்கள், அல்லது பின்னால் பொருத்தமான நிறம் போடுங்கள்.

அடுத்தது, மறைக்க வேண்டியதை அழித்துவிடுவது. இரேசரால் தேய்த்தும் கிராப் செய்தும் வடிவம் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "கொஞ்சம் மேலே தள்ளுங்க" என்று வாடிக்கையாளர் சொன்னால் தள்ளுவதற்கு அங்கே படமே இருக்காது. போட்டோஷாப்பில் வடிவத்தைக் கீழ் லேயரில் (அடுக்கில்) வைத்து, படத்தை அதன் மேல் வைத்து, கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிளிப்பிங் மாஸ்க் வந்துவிடும், படம் அந்த வடிவத்துக்குள் மட்டும் தெரியும். படம் முழுசாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். அளவு மாற்றுவதற்கு முன் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (அசலை உள்ளேயே பத்திரமாக வைத்திருக்கும் லேயர்) ஆக்கிவிட்டால், சின்னதாக்கி மறுபடி பெரிதாக்கினாலும் தெளிவு போகாது.

தெளிவு என்றதும் வாட்ஸ்அப் நினைவுக்கு வருகிறது. சாதாரணமாக அனுப்பும் படம் அதில் சுருங்கித்தான் வரும், நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சல் இருக்கும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் அது ஐந்தே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், காபி மக் ஒன்றுக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் நாம் முழுப் படத்தையா போடுகிறோம்? எட்டுப் பேர் நிற்கும் படத்தில் ஒரு முகத்தை மட்டும் எடுத்து இதயத்துக்குள் வைத்தால் கையில் இருப்பது 150 பிக்சல்தான், அது அரை அங்குலத்துக்குத்தான் வரும். ஆகவே படத்தின் அளவைப் பார்க்காமல், மாஸ்க்குக்குள் வரும் பகுதியின் அளவைப் பாருங்கள். தலையணைத் துணி 150 டிபிஐயைத் தாங்கும், பளபளப்பான மக்கும் அக்ரிலிக்கும் தாங்காது. போனிலிருந்து டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அசல் படம் அப்படியே வரும். சுவரில் மாட்டிய பழைய படமென்றால் கண்ணாடியோடு போனில் எடுக்க வேண்டாம், சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

உருவத்தின் ஓரத்தையே வெட்டி எடுக்கும் கட்டவுட் வேலையில் இப்போது எல்லோரும் தானியங்கிக் கருவிகளை நம்புகிறார்கள். அவை வேகமானவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நம் ஊர்ப் படங்களில் அவை தவறும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. தோளில் தொங்கும் மல்லிகைச் சரத்தில் பாதியைப் பின்னணி என்று நினைத்துத் தூக்கிவிடும். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் மண்டபத்துச் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும். கல்யாண மாலையின் ஓர இதழ்கள் கடித்து எடுத்தது போலாகிவிடும். 200 சதவீதம் பெரிதாக்கி, காதிலிருந்து தோள்வரை ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, விட்டுப்போனதை லேயர் மாஸ்க்கில் வெள்ளைப் பிரஷ்ஷால் திரும்பக் கொண்டுவாருங்கள். தோட்டத்தில் எடுத்த படமென்றால் முடியைச் சுற்றிப் பச்சைக் கோடு தெரியும்; மாஸ்க்கை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே இழுத்தால் போய்விடும்.

ஃபெதர், அதாவது படத்தின் ஓரத்தை மெல்ல மங்கவைப்பது, பற்றிச் சுருக்கமாக. ஒரு பின்னணியோடு கலக்க வேண்டிய படத்துக்கு அது நல்லது. வடிவத்தோடே வெட்டி எடுக்கும் கீசெயினுக்கும் மரப் பலகைக்கும் வைத்தால் சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரி நிற்கும். அந்தப் பொருட்களுக்குப் படம் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் வெளியே போக வேண்டும், முகமும் பெயரும் கோட்டிலிருந்து அதே அளவாவது உள்ளே இருக்க வேண்டும். கீசெயினில் வளையத் துளை எங்கே வரும் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் துளை நெற்றியில் விழும். அப்புறம், வடிவமாக வெட்டிய படத்தை ஜேபெக்கில் சேமித்தால் சுற்றிலும் வெள்ளைக் கட்டம் வரும்; பிஎன்ஜி போடுங்கள்.

முதல் பிறந்தநாளுக்கு 1 என்ற எண்ணுக்குள் 12 மாதப் படங்களையும் வைத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். படங்களை வரிசையாக அடுக்கிவிட்டு மேலே எண்ணைப் போட்டு மாஸ்க் செய்தால், எண்ணின் சாய்ந்த தலைப்பகுதியில் இரண்டு மாதக் குழந்தையின் முகம் பாதியாகிவிடும். 12க்கு 18 அங்குலத் தாளில் எண்ணின் நேர்த்தண்டை 4 அங்குல அகலம் வைத்தால் 2 அங்குலச் சதுரங்கள் இரண்டிரண்டாகக் கச்சிதமாக உட்காரும். முகங்களைத் தண்டுக்குள் கொண்டுவாருங்கள், சாய்வான ஓரத்துக்குப் பிஞ்சுக் காலையோ பொம்மையையோ வையுங்கள். தமிழ் எழுத்துக்குள் படம் கேட்டால் தடித்த எழுத்துருதான் ஒரே வழி. ப, ம, ட போன்ற எழுத்துகளில் ஓரளவு இடம் கிடைக்கும்; ண, ஞ போன்றவற்றின் சுழிக்குள் முகம் நிற்காது.

இன்னொன்று சப்ளிமேஷன், அதாவது தாளில் அடித்த படத்தைச் சூட்டால் பொருளின் மேல் ஏற்றும் வேலை, செய்பவர்களுக்கு. தாளில் மிரர் செய்து (இடவலமாகத் திருப்பி) அடித்தால்தான் மக்கில் நேராக விழும். டிசைனிலும் மிரர், பிரிண்டர் செட்டிங்கிலும் மிரர் என்று இரண்டு இடத்தில் போட்டுவிட்டால் படம் மாறி விழும். பெயர் இருந்தால் உடனே தெரிந்துவிடும். வெறும் படமென்றால் கடையில் யாருக்கும் தெரியாது; வீட்டுக்குப் போனபிறகு அம்மாவின் முந்தானை வலது தோளில் கிடப்பதை மகள்தான் கவனிப்பாள். வடிவத்துக்குள் நன்றாகப் பொருந்துகிறதே என்று படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவதும் இதே விளைவைத்தான் தரும். அடிப்பதற்கு முன் முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது, சட்டைப்பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அசல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

குடும்பப் படத்தை மாஸ்க் செய்யும்போது யாராவது வெளியே போகிறார்கள் என்றால் நாமாக முடிவு செய்யக் கூடாது. ஓரத்தில் மங்கலாக உட்கார்ந்திருக்கும் பாட்டிக்காகவே அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்; அவர் இப்போது இல்லாமலும் இருக்கலாம். "இவங்க வரலைன்னா பரவாயில்லையா?" என்று விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள். மாஸ்க் முடிந்ததும் அந்தப் பொருளின் மேல் எப்படித் தெரியும் என்று ஒரு படம் அனுப்பி, சரி என்று பதில் வந்தபிறகு அடியுங்கள். டெலிவரி முடிந்து ஒரு மாதம் ஃபைலை வைத்திருந்து, அதற்குப் பிறகு படங்களை நான் அழித்துவிடுகிறேன். கடை மாடலுக்கு வைக்க ஆசைப்பட்டால் முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.