கிராண்ட் கேன்யன்ல எறங்கறதுக்கு முன்னாடி ஏத்தத்த நெனச்சுக்கோங்க

அமெரிக்கால அரிசோனால இருக்கற பையன், பொண்ணு வீட்டுக்குப் போற நம்ம கோயமுத்தூரு, ஈரோட்டுக்காரங்களுக்கு ஒரு விசயம் சொல்லோணுமுங்க. வெள்ளியங்கிரில மொதல்ல ஏத்தம், முடியலீன்னா பாதிலயே திரும்பி எறங்கிக்கலாம், ஆனா அரிசோனால இருக்கற கிராண்ட் கேன்யன்ங்கற பெரிய பள்ளத்தாக்குல அப்படியே தலகீழுங்க, மொதல்ல சொகமா எறக்கம், கால் ஓஞ்ச பொறவுதான் ஏத்தமே ஆரம்பிக்கும். எறங்க ஒரு மணி நேரம்னா ஏற ரெண்டு மணி நேரம் வச்சுக்கோங்க.

தெக்கு விளிம்புல இருந்து எறங்கற பிரைட் ஏஞ்சல் ட்ரெயில்ங்கற நடபாதை நல்லாருக்கும். பாறைல ஒரு பெரிய பிளவு விழுந்து செங்குத்து சொவர ஒடச்சு விட்டதாலதான் அந்தக் கிளைப் பள்ளத்துல நடக்க வழியே கெடச்சிருக்குது, பாக்கப் பாக்க அதிசயமுங்க. 7.2 கிலோமீட்டர் எறங்குனா ஹவசுப்பாய் கார்டன்ஸ், பாலைவனத்துக்கு நடுவால ஓடையும் நெழலும், ஆனா அது கிட்டத்தட்ட 900 மீட்டர் எறக்கம். மொதத் தடவ, அதும் வயசானவங்கன்னா 2.4 கிலோமீட்டர்ல வர்ற ரெஸ்ட்ஹவுஸோட திரும்பிருங்க, தயவு செஞ்சு.

கோடைல காலைல 10 மணில இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் நடக்கவே வேண்டாம், கீழ போகப் போக சூடு ஏறும். வெறும் தண்ணியவே குடிச்சிட்டிருந்தா ஒடம்புல உப்பு கொறஞ்சு மயக்கம் வரும், முறுக்கு, உப்புக்கடலை கொண்டுட்டுப் போங்க. அப்பறம், மேக்க மலைல மழ பேஞ்சா நம்மூரு பள்ளத்துல வெயிலடிக்கறப்பவே தண்ணி வருமில்லீங்களா, அங்கயும் அதேதான், தூரத்துல இடி கேட்டாலே ஓடைய விட்டு மேல ஏறிருங்க.