பணிக்குச் செல்வோர் வீட்டில் வரலட்சுமி நோன்பு

சிராவண மாதப் பௌர்ணமிக்கு முன் வரும் வெள்ளிக்கிழமையில் வரலட்சுமி நோன்பு நோற்கப்படுகிறது. தமிழ் மாதக் கணக்கில் அது ஆடியின் பிற்பகுதியிலோ ஆவணியிலோ அமையும். 2023-இல் ஆகஸ்ட் 25, 2024-இல் ஆகஸ்ட் 16, 2025-இல் ஆகஸ்ட் 8 ஆகிய நாள்களில் வந்தது. தமிழ்நாட்டில் இதற்குப் பொது விடுமுறை இல்லை. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 மணிக்குத் தொடங்கிவிடுவதால், அதற்குள் பூஜையை முடித்து அலுவலகத்துக்கும் கிளம்ப வேண்டிய பெண்கள் சென்னையில் மிகுதி. அவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றே: வியாழக்கிழமை வேலைகள் ஒழுங்காக நடந்தால், வெள்ளிக்கிழமை காலையில் பதற்றத்துக்கு இடமிருக்காது.

கலசத் தேங்காயின்மேல் பொருத்தும் அம்மன் முகம், பாவாடை, ஜடை, காதோலை கருகமணி (ஓலைச் சுருளும் கருமணியும்), நோன்புச் சரடு ஆகியவை மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலும் மாம்பலத்திலும் சில வாரங்களுக்கு முன்பே கடைகளுக்கு வந்துவிடும். திருமணமான முதல் ஆண்டில் வரும் தலை நோன்புக்கு, வெள்ளி முகத்தைப் பிறந்த வீட்டில் வாங்கித் தருவது பல குடும்பங்களின் வழக்கம். முகம் இல்லாதவர்கள் தேங்காயிலேயே மஞ்சள் பூசிக் கண்ணும் மூக்கும் வரையலாம்; கலசம் வைக்கும் வழக்கமே இல்லாத வீட்டில் லட்சுமி படத்துக்குப் பூஜை செய்தாலும் குறைவொன்றுமில்லை. சாமந்தியைப் புதன்கிழமையே வாங்கிக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். மல்லிகையையும் தாழம்பூவையும் மட்டும் வியாழக்கிழமை வாங்கினால் போதும்.

கலசம் அமைப்பதில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது. சொம்பின் வாய், தேங்காய் உள்ளே இறங்கிவிடாமலும் மேலே உருளாமலும் நிற்கும் அளவில் இருக்க வேண்டும். ஆகவே தேங்காய் வாங்கும்போதே சொம்பின் வாயளவை ஒரு நூலில் எடுத்துச் செல்வது நல்லது. சில குடும்பங்களில் சொம்பில் நீர் நிரப்புவார்கள். வேறு வழக்கம் இல்லாதவர்களுக்கு அரிசியே ஏற்றது, ஏனெனில் வெள்ளி முகத்தின் எடை முன்பக்கம் இழுக்கும்போது அரிசி நிறைந்த சொம்பு சாயாது. சொம்பின் வெளிப்புறம் மஞ்சள், குங்குமம் இட்டு, கழுத்தளவு அரிசி நிரப்பி, அதனுள் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, விரலி மஞ்சள், எலுமிச்சம்பழம், நாணயம், காதோலை கருகமணி ஆகியவற்றை வைக்க வேண்டும். வாயில் மாவிலைக் கொத்தைச் செருகி, மஞ்சள் பூசிய தேங்காயைக் குடுமி மேல்நோக்கி இருக்கும்படி அமர்த்தி, முகத்தை அதன்மேல் பொருத்தி, பின்புறம் நூலால் இறுகக் கட்டிய பிறகே பாவாடையையும் நகைகளையும் அணிவிக்க வேண்டும். அலங்காரத்தை முடித்துவிட்டு முகத்தைச் சரிசெய்யத் தொடங்கினால் எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற நேரும்.

அலங்கரித்த அம்மனை வியாழன் மாலை வாசல் நிலைப்படிக்கு அருகே, உட்புறமாக, கோலமிட்ட பலகையில் வைத்து, விளக்கேற்றி, வெண்பொங்கல் நைவேத்தியம் செய்து ஆரத்தி எடுப்பது வழக்கம். அன்றிரவே தேங்காயைத் துருவி, வெல்லத்தைப் பொடித்து, கொழுக்கட்டை மாவைச் சலித்து வைக்கலாம். பூரணத்தை முதல் நாளே கிளறி வைப்போரும் உண்டு. ஆயினும் அன்று செய்ததை அன்றே படைப்பதுதான் முறை என்பதால், அடுப்பு வேலையை மட்டும் காலைக்கு ஒதுக்குவதே பொருத்தம்.

வெள்ளிக்கிழமை காலை நீராடியபின், 'எங்கள் வீட்டுக்கு வா, தாயே' என்று அழைத்து, கலசத்தை இரண்டு சுமங்கலிகள் சேர்ந்து எடுத்து வந்து, பூஜைக்கு அமைத்த சிறு மண்டபத்தில் அரிசி பரப்பிய தட்டின்மேல் கிழக்கு நோக்கி வைக்க வேண்டும். மண்டபத்துக்கு இடமில்லாத அடுக்ககங்களில் வாழைக்கன்று கட்டிய ஒரு மனைப்பலகை போதும். விளக்குகளை இருபுறமும் பாவாடையிலிருந்தும் பூக்களிலிருந்தும் தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். முதலில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து அருகம்புல்லால் பூஜித்து, சங்கல்பம் சொல்லி, அம்மனைக் கலசத்தில் எழுந்தருள அழைத்து (ஆவாகனம்), 108 நாமாவளியால் பூவும் குங்குமமும் கொண்டு அர்ச்சிக்க வேண்டும். வடமொழி வராதவர்கள் பிழையாக உச்சரிக்கத் தயங்கி ஒலிப்பேழையை ஓட விடுவதைக் காட்டிலும், தமிழில் 108 போற்றிகளைத் தாமே வாய்விட்டுச் சொல்வது மேலானது. அடுத்து, ஒன்பது முடிச்சுகள் இட்டு நடுவில் பூ கட்டிய சரடுகளுக்கும் பூஜை செய்து, ஒன்றை அம்மனுக்குச் சாத்த வேண்டும். பிறகு கொழுக்கட்டை, வடை, பாயசம் முதலியவற்றை நைவேத்தியம் செய்து, கற்பூரம் காட்டி, லட்சுமி கனவில் வந்து இந்நோன்பை நோற்கச் சொன்ன சாருமதியின் கதையைப் படித்து, பெரியவர் கையால் வலக்கையில் சரடு கட்டிக்கொள்ள வேண்டும். நேரம் மிகக் குறைவென்றால் பலகாரங்களில் ஒன்றிரண்டைக் குறைக்கலாம். கதையைக் குறைக்க வேண்டாம், வீட்டுப் பிள்ளைகளுக்கு நோன்பின் பொருள் அதன் வழியாகத்தான் சென்று சேர்கிறது.

மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, பழம், சுண்டல் கொடுத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீரால் ஆரத்தி எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை நிறைவுக்கான மறுபூஜையான புனர்பூஜை செய்து, கலசத்தைச் சற்று வடக்கே நகர்த்தி, அன்றிரவு அரிசிப் பாத்திரத்துக்குள் வைக்க வேண்டும். பிறகு நகைகளையும் முகத்தையும் எடுத்து, முகத்தை விபூதியால் துடைத்துப் பருத்தித் துணியில் பொதிந்து வைக்கலாம். கலசத்து அரிசியையும் தேங்காயையும் எடுத்துவைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை பாயசம் செய்து நைவேத்தியம் செய்ய வேண்டும். தேங்காயை அதுவரை குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சென்னை வெக்கையில் கெடாது.