செலோ டேப்பில் நிலைமின்னியல்: ஆரம்பப் பாடம்

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகியது. மாசி, பங்குனி வெயிலில் பாலியஸ்டர் துணியை ரோலிலிருந்து உருவினால் கைமுடி சிலிர்க்கும். பஞ்சுப் பிசிறெல்லாம் துணியில் அப்பிக்கொள்ளும். இரும்பு ரேக்கைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். "கரண்ட் லீக் ஆகுதுங்க" என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். ஆனால் லீக் எதுவும் இருக்காது; எல்லாம் நிலைமின்சாரத்தின் வேலை. ஒரு செலோ டேப் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மழை நாளில் மட்டும் வேண்டாம்.

படி 1: மேசைமேல் நீளமாக ஒரு டேப்பை ஒட்டுங்கள். அதை எடுக்கவே வேண்டாம். அதன்மேல் சாண் நீளத்தில் இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து ஒட்டி, பிடிப்பதற்கு நுனியை மடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வெடுக்கென்று உரித்து அருகருகே தொங்கவிட்டால் விலகி ஓடும். உரிக்கும்போது மின்னூட்டம் (பொருளில் இருக்கும் மின்சாரச் சரக்கு) ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறுகிறது, புதிதாக எதுவும் பிறப்பதில்லை. இரண்டு துண்டுக்கும் நடந்தது ஒன்றே என்பதால் இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம். ஒரே வகை என்றால் விலக்கும்.

படி 2: இப்போது வேறு இரண்டு துண்டுகளை அதே மேசை டேப்பின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். இரண்டையும் சேர்த்தே மெதுவாக உரித்து, விரலால் ஒருமுறை நீவிவிட்டு, அப்புறம் பிரியுங்கள். இந்த முறை ஈர்க்கும். ஒன்றில் நேர் மின்னூட்டம், மற்றதில் எதிர் மின்னூட்டம்; வகை மாறினால் ஈர்க்கும்.

சரி, எந்தத் துண்டின் அருகிலும் வெறும் விரலை நீட்டுங்கள். அதுவும் ஈர்க்கும்! உங்கள் விரலில் மின்னூட்டம் ஏறவில்லை. டேப்பின் அருகாமையால் விரலுக்குள் ஏற்கெனவே இருக்கும் நேர், எதிர் மின்னூட்டங்கள் கொஞ்சம் இடம் பெயர்கின்றன, அவ்வளவுதான். பஞ்சுப் பிசிறு துணியில் ஒட்டுவதும் பெரும்பாலும் இப்படித்தான். அதனால் ஈர்ப்பை மட்டும் வைத்து ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. விலக்கம்தான் உறுதியான சாட்சி. மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

படி 3: படி 1-இன் துண்டுகளை மெல்ல நெருக்குங்கள். கடைசிக் கொஞ்ச தூரத்தில் விலக்கம் திடீரென்று வலுப்பதைக் கவனிக்கலாம். 1785-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் இதை அளந்து சொன்னார்: சிறிய மின்னூட்டங்களுக்கு இடையே தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு. மின்னூட்டத்தின் அலகுக்கு அவர் பெயரே: கூலூம். தலா 1 கூலூம் கொண்ட இரண்டை 1 மீட்டர் தள்ளி வைத்தால் விசை 900 கோடி நியூட்டன் (நியூட்டன் என்பது விசையின் அலகு). நம் டேப்பில் இருப்பது கூலூமில் நூறு கோடியில் சில பங்குதான்.

படி 4: ஒரு துண்டை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, இன்னொன்றைச் சுற்றிலும் நகர்த்துங்கள். தொடாமலே அசைகிறது அல்லவா? ஒரு மின்னூட்டம் தன்னைச் சுற்றியுள்ள இடத்தையே மாற்றிவைக்கிறது. அதுதான் மின்புலம். ஓர் இடத்தில் 1 கூலூமுக்கு எத்தனை நியூட்டன் விசை கிடைக்கும் என்பதே அதன் அளவு. 1 நேனோகூலூமிலிருந்து (கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு) 10 செ.மீ. தள்ளி 900 நியூட்டன்/கூலூம், 20 செ.மீ.யில் 225. அங்கே வேறு மின்னூட்டம் இல்லாவிட்டாலும் புலம் இருக்கும்.

நியூட்டன்/கூலூம் என்பதையே வோல்ட்/மீட்டர் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒன்றே. புலம் மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் காற்றே மின்கடத்தியாகிப் பொறி பறக்கும். ரேக்கில் 1 மி.மீ. பொறி என்றால் சுமார் 3,000 வோல்ட். மின்னூட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு போகிறது.

கடைசியாக, தொங்கும் டேப்பின்மேல் வாயை வைத்து ஹா என்று இரண்டு மூன்று முறை ஊதிவிட்டு மறுபடி படி 3-ஐச் செய்யுங்கள். விலக்கம் சோர்ந்திருக்கும், ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது. கோவை நூல் மில்களில் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓயாமல் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.