வேலையை விடுவதற்கு முன் ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள்

நம்ம குமரி மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் 11 வருடம் சிவில் பாடம் நடத்தினேன். கடைசி மூன்று வருடமும் சாயங்காலம் பஸ்ஸில் தக்கலை வந்து இறங்கும்வரை இதை விட்டுவிடலாமா என்ற யோசனைதான். வீட்டில் வாயைத் திறந்தால் அம்மா "உள்ளத விட்டுட்டு எங்க போகப்போற மக்ளே" என்பார், கத்தாரில் இருக்கிற தம்பி அங்கே வா என்பான், கணவர் டி.என்.பி.எஸ்.சி. எழுது என்பார். எனக்கு எது வேண்டும் என்று மட்டும் எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு நோட்டுதான். எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன், அதே குழப்பத்தில் இருப்பவர்கள் செய்து பாருங்கள்.

முதல் நான்கு நாள் கொட்டித் தீர்ப்பதற்கு. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அழுத்தும் விஷயத்தைப் பற்றி எழுத வைத்தார். நானும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். எழுத்துப்பிழை பார்க்காதீர்கள், பேனாவை நிறுத்தாதீர்கள். வேலை போனவர்களை வைத்து 1994இல் அவர் குழு செய்த ஆய்வில், அந்த வலியை மனம்விட்டு எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேறு வேலை கிடைத்தது, இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக வேலை தேடவில்லை. மனதிலிருக்கும் கோபம் கொஞ்சம் இறங்கினால் புது இடத்தில் பேசும் விதமே மாறிவிடும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் எழுத எழுத நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் மூடி வைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், அன்றைக்கு அது போதும்.

நான் உட்கார்ந்தது காலை நாலரைக்கு. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளையில் பால் வெட்டுகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாய் நகரும் நேரம். வீட்டில் யாரும் கூப்பிடாத ஒரு நேரம் உங்களுக்கும் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று வாரம்தான் முக்கியம், இதில்தான் நான் முதலில் தப்பு செய்தேன். "இன்று சலிப்பு", "வேலை பிடிக்கவில்லை" என்று ஒரு வாரம் எழுதியிருக்கிறேன், திருப்பிப் படித்தால் அதில் ஒன்றுமே இல்லை. அபிப்பிராயத்தை எழுதாமல் நடந்ததை எழுத வேண்டும். எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு, அப்போது உடம்பு எப்படி இருந்தது. அப்படி எழுத ஆரம்பித்த பிறகு வந்த வரிகளைச் சொல்கிறேன்: "மதியம் 2 மணி. வெயிலில் பசங்களோடு டோட்டல் ஸ்டேஷன் (நிலம் அளக்கும் கருவி) வைத்து மைதானத்தை அளந்தோம். மணி நாலானது தெரியவில்லை." இரண்டு நாள் கழித்து: "அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வீடு வீடாகப் போனோம். மூன்றாவது வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை." ஒரு மாதம் கழித்து வேறு நிறப் பேனாவோடு உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வந்ததை எல்லாம் கோடிட்டேன். பாடம் நடத்துவதில் எனக்கு அலுப்பே இல்லை. அட்மிஷன் அலைச்சலும், இரண்டு மூன்று மாதம் தள்ளி வரும் சம்பளமும்தான் என்னைத் தின்றுகொண்டிருந்தன. சர்வே லேப் இருந்த நாட்களில் மட்டும் எழுத்தே நிமிர்ந்து இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போட்டித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்திருந்தால் இரண்டு வருடம் போயிருக்கும்.

அப்புறம் இன்னொரு வேலை. மனதில் ஓடும் ஒவ்வொரு பயத்தையும் ஒரு வரியாக எழுதி, பக்கத்தில் அது யார் குரல் என்று எழுதுங்கள். "சம்பளம் நின்றால் பிள்ளை ஃபீஸ் என்ன ஆகும்" என்னுடையது. "ஊர் என்ன சொல்லும்" அம்மாவுடையது. "படித்த படிப்பு வீண்" எப்போதோ செத்துப்போன மாமாவுடையது! என் பயங்களுக்கு மட்டும் பதில் தேடினேன். அதற்குத் தனிப் பக்கம் வேண்டும், அதில் ரூபாய் மட்டும்தான்: மாதச் செலவு, சீட்டுப் பணம், நகைக்கடன் வட்டி, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும். அந்தப் பக்கத்தை ரவுண்டாகப் போடாதீர்கள், பால் பாக்கெட் வரைக்கும் எழுதுங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்தாலும் நோட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிற ஆபத்து உண்டு. புலம்பல் சுகமாக இருக்கும். அதனால் வாரக் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு செயல், தேதியோடு. என் முதல் செயல், நிலம் அளக்கிற ஒரு அண்ணனுக்கு போன் பண்ணி இரண்டு சனிக்கிழமை கூட வரட்டுமா என்று கேட்டது. போகும் முன் என்ன எதிர்பார்க்கிறேன் என்று எழுதினேன், வந்து என்ன நடந்தது என்று எழுதினேன். வெயிலுக்குப் பயந்திருந்தேன், வெயில் ஒன்றும் செய்யவில்லை. நாலு செண்டு நிலத்துக்காக அண்ணன் தம்பி எல்லைக்கல் பக்கத்தில் நின்று கத்தியபோதுதான் கை நடுங்கியது. எந்த வேலையிலும் எது கஷ்டம் என்று அதைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, அதனால் இந்தப் பரீட்சையை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் எப்போது சொல்வது? ரூபாய்ப் பக்கம் முடிந்த பிறகு. நான் கணவரிடம் முதலில் காட்டியது அதைத்தான், பயம் எழுதிய பக்கங்களை இன்றுவரை காட்டவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. அரை மணி நேரம் கணக்கைப் பார்த்துவிட்டு "ஆறு மாசம் தாங்கும், சரி" என்றார். ராஜினாமாக் கடிதம் கொடுத்த தேதியை அதே பக்கத்தின் கீழே எழுதி வைத்தேன்.